மீனுக்கு விலை சொன்ன ஓவியர்

மீன் வாங்கப் போகிறவர்களில் பேரம் பேசாதவர் யார்? விற்கிறவள் ஒரு விலை சொல்வாள். வாங்குகிறவர் அதில் பாதி சொல்வார். இவ்வளவு விலையா என்று முகத்தைச் சுளிப்பார். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு விலைக்கு மீன் கை மாறும்.

அந்த மீன் எப்படிக் கரைக்கு வந்தது? அதைப் பிடிக்கப் போனவர்கள் எத்தனை பேர்? அத்தனை பேரும் நலமாகத் திரும்பினார்களா? இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

ஸ்பெயின் நாட்டிலே ஓர் ஓவியர் இதைக் கேட்டார். வாயால் கேட்கவில்லை, தூரிகையால் கேட்டார். மீனவர்களின் உழைப்பைப் படம் படமாகத் தீட்டினார். அந்தப் படங்களாலே உலகப் புகழ் பெற்றார். ஒரு துறைமுகத்தில் மீனவர்கள் வேலை செய்யும் காட்சிதான் அவர் முடித்த கடைசிப் பெரிய படம். அதை முடித்தபோது அவருடைய உடம்பும் களைத்து ஓய்ந்துவிட்டது.

அவர் பெயர் ஹொவாக்கின் சொரோயா.

இரண்டு வயதில் அனாதை

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், மத்தியதரைக் கடலின் ஓரத்தில் இருக்கிறது வாலென்சியா பட்டணம். ஆரஞ்சுத் தோட்டங்களுக்கும் நெல் வயல்களுக்கும் பெயர்போன ஊர். அங்கே 1863-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி ஹொவாக்கின் பிறந்தான். தகப்பனார் ஜவுளி வியாபாரி. பெரிய பணக்காரர் அல்ல. மறு ஆண்டு ஒரு தங்கை பிறந்தாள்.

1865-ம் ஆண்டு கோடையில் வாலென்சியாவில் காலரா நோய் பரவியது. அந்தக் காலத்தில் அதற்குச் சரியான மருந்து கிடையாது. வீடு வீடாகச் சாவு விழுந்தது. சில நாட்களுக்குள் ஹொவாக்கினின் தகப்பனாரும் போய்விட்டார், தாயாரும் போய்விட்டார். மிஞ்சியவை இரண்டு பச்சைக் குழந்தைகள். அண்ணனுக்கு வயது இரண்டு. தங்கைக்கு ஒன்று.

தாயாரின் சகோதரி இசபெல் ஓடி வந்து இரண்டு குழந்தைகளையும் வாரி எடுத்துக்கொண்டாள். அவளுடைய கணவர் பூட்டுச் செய்யும் தொழிலாளி. இரும்பைக் காய்ச்சி, அடித்து, அராவிப் பிழைக்கும் குடும்பம். அந்த வீட்டிலே இருவரும் பெற்ற பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள்.

பகலில் சுத்தியல், இரவில் பென்சில்

ஹொவாக்கினைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். படிப்பில் அவனுக்கு அவ்வளவாக மனம் செல்லவில்லை. கணக்கு எழுத வேண்டிய நோட்டுப் புத்தகத்தில் படம் எழுதி வைத்திருப்பான். ஆசிரியர் கண்டிக்கவில்லை. பையனின் கையில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

பெரியவர் என்ன செய்வார்? பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் தமக்குத் தெரிந்த தொழிலைக் கற்றுக் கொடுப்பதுதானே முறை? பட்டறைக்கு அழைத்துப் போனார். ஹொவாக்கின் அங்கே சுத்தியல் பிடித்தான், அரம் பிடித்தான். ஆனால் அவர் கல் நெஞ்சக்காரர் அல்ல. தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று ஊரிலே ஒரு கலைப் பள்ளி இருந்தது. இரவிலே அங்கு ஓவிய வகுப்பு நடந்தது. அதில் பையனைச் சேர்த்துவிட்டார்.

பகல் முழுவதும் பட்டறை. இரவு ஓவியம். இப்படியே காலம் ஓடியது. பரிசுகள் வரத் தொடங்கின. பிறகு வாலென்சியாவின் பெரிய ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சுத்தியலைக் கீழே வைத்தான்.

ஆனாலும் பட்டறையில் கற்ற பாடம் அவரை விட்டுப் போகவில்லை. உழைக்கிறவன் எப்படிக் குனிவான், பாரம் இழுக்கும்போது முதுகு எப்படி வளையும், தோளில் நரம்பு எப்படிப் புடைக்கும் என்பதெல்லாம் பார்த்துப் படித்ததல்ல. அவர் தாமே உழைத்து அறிந்தது.

போட்டோ நிலையத்தில் ஒரு பெண்

ஓவியக் கல்லூரியில் அவருக்கு ஒரு தோழன் கிடைத்தான். தோழனின் தகப்பனார் அந்தோனியோ கார்சியா, வாலென்சியாவில் பெயர் பெற்ற போட்டோ நிபுணர். ஏழை மாணவனின் திறமையைக் கண்டு தமது நிலையத்திலேயே அவர் வேலை கொடுத்தார். வெளிச்சம் அமைப்பதும், கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் பூசுவதும் வேலை. வெளிச்சம் என்பது ஒரு முகத்தை எப்படி மாற்றுகிறது என்பதை சொரோயா அங்கேதான் கூர்ந்து கவனிக்கக் கற்றார்.

அந்த வீட்டிலே கிளொடில்டே என்று ஒரு பெண் இருந்தாள். போட்டோக்காரரின் மகள். வேலைக்கு வந்த இளைஞனுக்கும் அவளுக்கும் அன்பு மலர்ந்தது. இளைஞன் கையிலோ காசு இல்லை. கலியாணம் காத்திருந்தது.

18-வது வயதில் சொரோயா தலைநகரான மாட்ரிட்டுக்குப் போனார். அங்கே பிராடோ என்னும் பெரிய ஓவியக் கூடம் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மேதை வெலாஸ்கெஸ் தீட்டிய படங்கள் அங்கே உண்டு. அவற்றின் முன்னால் நின்று, பார்த்துப் பார்த்துப் பிரதி எடுத்தார். அவர் மனத்துக்குள் குருவாக ஏற்றது வெலாஸ்கெஸைத்தான்.

வெற்றியும் தோல்வியும்

1884-ம் ஆண்டு. மாட்ரிட்டில் தேசிய ஓவியக் கண்காட்சி. நெப்போலியனின் படைகளை எதிர்த்து ஸ்பெயின் மக்கள் கிளர்ந்தெழுந்த நாளை சொரோயா பெரிய படமாகத் தீட்டினார். அறைக்குள் உட்கார்ந்து தீட்டவில்லை. வாலென்சியாவில் காளைச் சண்டை நடக்கும் திறந்த மைதானத்துக்குப் போனார். ஆட்களை நிற்க வைத்தார். புகை எழுப்பினார். போர்க்களம் போலவே காட்சியை அமைத்துக்கொண்டு சூரிய வெளிச்சத்தில் தீட்டினார். இரண்டாம் வகுப்புப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு ரோமாபுரிக்குச் சென்று படிக்க உபகாரச் சம்பளமும் கிடைத்தது. பூட்டுப் பட்டறைப் பையன் இத்தாலிக்குக் கப்பல் ஏறினார்.

ரோமாபுரியில் அவர் ஒரு பெரிய முயற்சியில் இறங்கினார். ஏசுநாதரின் உடலை அடக்கம் செய்யும் காட்சியை மிகப் பெரிய திரையில் தீட்டினார். இரவும் பகலும் உழைத்தார். 1887-ம் ஆண்டு அதைக் கண்காட்சிக்கு அனுப்பினார். எதிர்பார்த்த பதக்கம் வரவில்லை. மனம் உடைந்து போனார்.

அந்தத் தோல்வியும் வீணாகவில்லை. கண்ணால் காணாத பழங்கதைகளைக் கற்பனையில் தீட்டுவது தமக்கு ஏற்ற வழி அல்ல என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. கண்ணுக்கு முன் நடப்பதைத் தீட்ட வேண்டும். அதற்குக் கண்ணுக்கு முன் ஒரு கடல் வேண்டும்.

1888-ம் ஆண்டு வாலென்சியாவுக்கு வந்து கிளொடில்டேயை மணந்தார். 1890-ல் குடும்பம் மாட்ரிட்டில் குடியேறியது. மரியா, ஹொவாக்கின், எலேனா என்று மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். வீட்டு நிர்வாகம், கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாம் கிளொடில்டேயின் கையில். படத்துக்கு மாதிரியாக நிற்பதும் பல சமயம் அவரேதான். தூரிகையைத் தவிர வேறு கவலை கணவருக்கு இல்லாமல் பார்த்துக்கொண்டார்.

மாடு இழுக்கும் படகு

கோடை வந்தால் சொரோயா வாலென்சியாவுக்கு ஓடிவிடுவார். அங்கே மீனவர் குடியிருப்பை ஒட்டி நீண்ட மணற்கரை. அந்தக் கரையிலே ஒரு விசேஷம் உண்டு. கடலிலிருந்து திரும்பும் பாய்மரப் படகுகளை மனிதர்கள் மட்டும் இழுத்துக் கரை சேர்க்க முடியாது, அவ்வளவு கனம். ஆகவே பெரிய எருதுகளை நுகத்தடி பூட்டி அலைக்குள்ளேயே இறக்குவார்கள். மார்பளவு தண்ணீரில் எருதுகள் நிற்கும். கயிற்றைக் கட்டியதும் படகை இழுத்துக்கொண்டு கரைக்கு ஏறும். பாய் காற்றில் உப்பியிருக்கும். அலை நுரைக்கும். நனைந்த எருதுகளின் முதுகில் வெயில் பளபளக்கும்.

இந்தக் காட்சியை சொரோயா 1894-ம் ஆண்டு சுமார் 13 அடி நீளத் திரையில் தீட்டினார். பெயர் 'மீன் பிடித்துத் திரும்புதல்'. மறு ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. பிரெஞ்சு அரசாங்கமே அதை விலைக்கு வாங்கியது. ராஜா இல்லை, ராணி இல்லை, தேவதை இல்லை. இரண்டு மாடுகளும் சில மீனவர்களும் பாரிஸ் நகரத்தை வென்றார்கள்.

அவர் கரையிலே வேலை செய்யும் விதமே தனி. பெரிய திரையை மணலில் கயிறுகளால் இழுத்துக் கட்டுவார். காற்றுக்கு மறைப்பு வைப்பார். தலையிலே தொப்பி, கையிலே நீண்ட தூரிகை. சூரியன் யாருக்காகவும் நிற்காது. ஒரு மணி நேரத்துக்கு முன் இருந்த நிழல் இப்போது இராது. அதனால் மின்னல் வேகத்தில் தீட்டுவார். அவருடைய கடற்கரைப் படங்கள் சிலவற்றில் வர்ணத்தோடு மணல் துகள்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மீன் விலை உயர்வாம்!

அதே 1894-ம் ஆண்டில் இன்னொரு படமும் பிறந்தது. அதில் வெயில் இல்லை, கடல் இல்லை. மீன்பிடி படகின் அடித்தட்டு. மங்கிய வெளிச்சம். ஓர் இளம் மீனவன் அடிபட்டுச் சாய்ந்து கிடக்கிறான். சட்டை இல்லாத மார்பு. கழுத்திலே கடவுள் காப்பாற்றுவார் என்று கட்டிய தாயத்து. வயதான மீனவர்கள் இருவர் அவனைத் தாங்கிக் காயத்துக்குக் கட்டுப் போடுகிறார்கள். பின்னால் குவிந்து கிடக்கின்றன, அன்று பிடித்த மீன்கள்.

படத்தில் யாரும் அழவில்லை. பெரியவர்களின் முகத்தில் கவலை மட்டும் இருக்கிறது. பழகிப்போன கவலை. இப்படி எத்தனை பேரைத் தாங்கியிருப்பார்களோ!

படத்துக்கு அவர் இட்ட பெயர்தான் பார்த்தவர்களின் நெஞ்சைத் தைத்தது. 'இன்னும் சொல்கிறார்கள், மீன் விலை அதிகமென்று!' வாலென்சியாவின் புகழ்பெற்ற நாவலாசிரியர் பிளாஸ்கோ இபான்யெஸ் சொரோயாவின் நண்பர். அந்த மீனவர்களைப் பற்றி அவர் எழுதிய நாவலின் முடிவிலும் இதே குமுறல் வருகிறது. ஒரே கரையில் ஒருவர் பேனாவால் எழுதினார். ஒருவர் தூரிகையால் எழுதினார்.

1895-ம் ஆண்டு தேசியக் கண்காட்சியில் இப்படம் முதல் பதக்கம் பெற்றது. அரசாங்கம் வாங்கியது. மீன் கடையில் பேரம் பேசும் மாட்ரிட் சீமாட்டிகள் கண்காட்சிக்கு வந்தார்கள். தாங்கள் பேசிய பேரத்தின் மறுபக்கத்தை அங்கே கண்டார்கள்.

உலகம் கொண்டாடியது

1900-ம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருக்கு மிக உயர்ந்த பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற படம் ஊனமுற்ற ஏழைக் குழந்தைகளைப் பற்றியது. ஒரு துறவி அவர்களைக் கடலில் குளிப்பாட்ட அழைத்து வருகிறார். ஊன்றுகோல் ஊன்றியபடி சிறுவன் ஒருவன் அலையை நோக்கி நடக்கிறான். தாய் தகப்பனை இழந்தவருக்கு ஆதரவற்ற குழந்தைகளின் வலி தெரியாதா?

அதன் பிறகு அவர் சோகப் படங்களை அதிகம் தீட்டவில்லை. கடலில் துள்ளி விளையாடும் குழந்தைகள், வெள்ளை உடையில் கரையில் உலாவும் பெண்கள், பாய் தைக்கும் குடும்பங்கள், இறங்கும் படகுகள், இவையே அவர் உலகமாயிற்று. எல்லாவற்றிலும் வெயில், கண் கூசும் வெயில்.

1906-ல் பாரிஸில் தனிக் கண்காட்சி வைத்தார். 1908-ல் லண்டனில் வைத்தார். அங்கே ஆர்ச்சர் ஹண்டிங்டன் என்ற அமெரிக்கக் கோடீசுவரரின் கண்ணில் அவர் படங்கள் பட்டன. ரயில்வேயில் சம்பாதித்த பெருஞ்செல்வத்துக்கு வாரிசு ஹண்டிங்டன். ஸ்பெயின் நாட்டின் மேல் தீராத காதல் கொண்டவர். அந்த நாட்டின் கலைகளுக்கென்று நியூயார்க் நகரில் ஒரு சங்கமும் கூடமும் அமைத்திருந்தார்.

1909-ம் ஆண்டு அவர் அழைப்பின் பேரில் நியூயார்க்கில் கண்காட்சி. 356 படங்கள். கடுங்குளிர் காலம். ஆனாலும் ஒரே மாதத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வந்து பார்த்தார்கள். குளிரில் நடுங்கி வந்தவர்கள் படங்களின் முன் நின்று வெயில் காய்ந்தார்கள் என்றே சொல்லலாம். 195 படங்கள் விற்றன. ஜனாதிபதி டாஃப்ட் வெள்ளை மாளிகையில் அவருக்கு முன் உட்கார்ந்து தம் உருவப் படத்தைத் தீட்டச் செய்தார்.

மன்னர் வேண்டாம், மக்கள் போதும்

ஹண்டிங்டனுக்கு ஒரு பெரிய ஆசை. தம் கூடத்தின் ஓர் அறையின் நான்கு சுவர்களிலும் ஸ்பெயின் தெரிய வேண்டும். ஸ்பெயினின் சரித்திரத்தைத் தீட்டித் தரலாமே என்று அவர் கருதினார். மன்னர்கள், போர்கள், வெற்றி விழாக்கள் என்று தீட்டிக்கொண்டே போகலாம்.

சொரோயா வேறு யோசனை சொன்னார். செத்துப்போன மன்னர்களைக் காட்டிலும், உயிரோடு இருக்கும் மக்களைத் தீட்டுவதே தமக்கு விருப்பம் என்றார். ஒவ்வொரு மாகாணத்திலும் மக்கள் எப்படி உடுத்துகிறார்கள், எப்படி உழைக்கிறார்கள், எப்படி ஆடிப் பாடுகிறார்கள் என்பதைக் காட்டுவோம் என்றார். ஹண்டிங்டன் ஒப்புக்கொண்டார். 1911-ம் ஆண்டு நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சன்மானம் 1,50,000 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

வேலையும் சாமானியமானதல்ல. மொத்தம் 14 படங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 அடி உயரம். எல்லாவற்றையும் வரிசையாக வைத்தால் சுமார் 70 மீட்டர் நீளம் வரும்.

மாட்ரிட்டில் அவர் ஓர் அழகான வீடு கட்டியிருந்தார். தோட்டம், நீரூற்று, பூச்செடிகள் எல்லாம் உண்டு. அங்கேயே உட்கார்ந்து வேலையை முடித்திருக்கலாம். ஆனால் சொரோயாவின் வழக்கம் அதுவல்ல. காட்சி எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும். அந்த ஊர் வெயிலில், அந்த ஊர் மனிதர்களை நிறுத்தித் தீட்ட வேண்டும்.

எட்டு ஆண்டு அலைச்சல்

1912 முதல் 1919 வரை அவர் நாடு முழுவதும் சுற்றினார். ரயிலில், மோட்டாரில், வண்டியில் போனார். திரைச்சுருள்களும் வர்ணப் பெட்டிகளும் கூடவே போயின. காஸ்தீல் நாட்டுக் கோதுமை விழாவைத் தீட்டிய படம் மட்டுமே ஏறக்குறைய 14 மீட்டர் நீளம். செவில் நகரின் ஊர்வலத்தைத் தீட்டினார். அரகோன் நாட்டு நடனத்தைத் தீட்டினார். கலீசியாவில் மாட்டுச் சந்தையும் திருவிழாவும் கூடும் இடத்தைத் தீட்டினார். கத்தலோனியாக் கரையில் மீன் விற்பதைத் தீட்டினார். எல்ச்சே ஊரின் பேரீச்ச மரச் சோலையைத் தீட்டினார்.

மழை பெய்தால் வேலை நிற்கும். காற்று வீசினால் திரை பறக்கும். நிறுத்தி வைத்த ஆள் மறுநாள் வரமாட்டான். சில ஊர்களில் குளிர். சில ஊர்களில் கொதிக்கும் வெயில். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வீட்டை விட்டு மாதக்கணக்கில் பிரிந்திருக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய நாள்தோறும் மனைவிக்குக் கடிதம் எழுதினார். நூற்றுக்கணக்கான அந்தக் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. களைப்பும் தனிமையும் வீட்டு ஏக்கமும் அவற்றில் நிறைந்திருக்கின்றன. கொடுத்த வாக்கை மட்டும் அவர் விடவில்லை.

சூரை மீன் துறை

1919-ம் ஆண்டு மே மாதம். பதின்மூன்று படங்கள் ஆயின. பாக்கி ஒன்று. கடைசிப் படத்துக்கு எந்தக் காட்சியைத் தேர்ந்தெடுப்பது? சொரோயா மறுபடியும் மீனவர்களிடம் போனார்.

ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில் அயமாந்தே என்று ஒரு துறைமுக ஊர். குவாதியானா ஆறு அங்கே கடலில் கலக்கிறது. இந்தக் கரை ஸ்பெயின், எதிர்க்கரை போர்ச்சுகல். வசந்த காலத்தின் முடிவில் அந்தப் பக்கத்துக் கடலில் சூரை மீன்கள் கூட்டம் கூட்டமாக வரும். அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு முட்டையிடப் போகும் மீன்கள். சாதாரண மீன்கள் அல்ல. வளர்ந்த மீன் ஒன்று 200 கிலோவுக்கு மேலும் இருக்கும்.

இவற்றைப் பிடிக்க அங்கே பழமையான ஒரு முறை உண்டு. அல்மத்ராபா என்று பெயர். கடலுக்குள் வலைகளைச் சுவர் போல நங்கூரம் இட்டு நிறுத்துவார்கள். கரையோரமாக வரும் மீன் கூட்டம் சுவரில் முட்டித் திரும்பும். திரும்பிய வழி ஓர் அறைக்குள் கொண்டுபோய் விடும். அங்கிருந்து இன்னோர் அறை. கடைசி அறைக்கு அடியிலும் வலை. சுற்றிலும் படகுகள் நிற்கும். எல்லோரும் சேர்ந்து வலையைத் தூக்குவார்கள். தண்ணீர் கொதிப்பது போலப் பொங்கும். மீன்கள் வாலால் அடிக்கும். ஓர் அடி பட்டால் ஆள் அவ்வளவுதான். காடிஸ் மாகாணக் கரையில் இந்த முறை இன்றும் நடக்கிறது.

பிடித்த மீன்களைப் படகுகள் துறைக்குக் கொண்டு வரும். அந்தத் துறையில்தான் சொரோயா தம் திரையை நிறுத்தினார்.

படத்தைப் பாருங்கள். மேலே வெயிலுக்கு விரித்த துணிப் பந்தல். அதன் வழியே வெயில் வடிகட்டி இறங்குகிறது. தரையிலே வரிசை வரிசையாகச் சூரை மீன்கள். வெறும் கறுப்பு மீன்கள் அல்ல. நீலம், ஊதா, வெள்ளி என்று எத்தனையோ நிறங்கள் அந்த ஈர முதுகுகளில் மின்னுகின்றன. ஆட்கள் குனிந்து மீன்களை இழுக்கிறார்கள். பின்னால் பாய்மரங்கள், பளபளக்கும் ஆறு, எதிர்க்கரையில் வெள்ளை வெளேரென்று போர்ச்சுகல்.

வரிசையில் உள்ள பல படங்களில் மக்கள் திருவிழா உடையில் இருக்கிறார்கள். இதிலே இருப்பவர்கள் வேலை உடையில் இருக்கிறார்கள். யாரும் நம்மைப் பார்த்து நிற்கவில்லை. வேலை நடந்துகொண்டிருக்கிறது. மீன் கெடுவதற்குள் கரையேற்ற வேண்டுமே!

கொளுத்தும் வெயிலில், மீன் வாடையின் நடுவில், ஏறக்குறைய 16 அடி அகலத் திரையின் முன் நின்று சொரோயாவும் அவர்களோடு உழைத்தார். ஜூன் 29-ந் தேதி கடைசி வர்ணம் பூசினார். எட்டு ஆண்டுச் சுமை இறங்கியது.

தோட்டத்தில் விழுந்த தூரிகை

இனி வீட்டிலே அமைதியாக இருக்கலாம், தோட்டத்தைத் தீட்டலாம், மனைவி மக்களோடு பேசிக்கொண்டிருக்கலாம். அப்படித்தான் எல்லோரும் எண்ணினார்கள்.

சரியாக ஓர் ஆண்டு போகவில்லை. 1920-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி. தம் தோட்டத்தில் எழுத்தாளர் பெரெஸ் தெ அயாலாவின் மனைவியை உட்கார வைத்து உருவப் படம் தீட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று நிலை தடுமாறினார். பக்கவாதம்! தாங்கிப் பிடித்தார்கள். ஓய்வெடுக்கச் சொன்னார்கள். கேட்கவில்லை. மறுபடியும் தூரிகையை எடுத்தார். ஒரு சில வீச்சுக்கு மேல் கை ஓடவில்லை. அந்தப் படம் அரைகுறையாகவே நின்றுவிட்டது.

அதன் பிறகு அவர் படம் தீட்டவில்லை. சூரியனோடு போட்டி போட்டு ஓடிய கை மூன்று ஆண்டுகள் ஓய்ந்து கிடந்தது. கிளொடில்டே பக்கத்திலேயே இருந்தார். 1923-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி, மாட்ரிட்டுக்கு அருகே மலையடிவார ஊரான செர்செதீயாவில் சொரோயா காலமானார். வயது 60. உடலை வாலென்சியாவுக்குக் கொண்டு வந்தார்கள். தாய் தகப்பனை அவர் இழந்த அதே ஊரில், அதே ஆகஸ்டு மாதத்தில், அவரும் மண்ணுக்குள் சென்றார்.

அவர் காணாத அறை

நியூயார்க் அறையில் 14 படங்களும் மாட்டப்பட்டு, 1926-ம் ஆண்டு மக்களுக்குத் திறக்கப்பட்டது. எதற்காக எட்டு ஆண்டு அலைந்தாரோ, அந்த அறையில் தம் படங்களை ஒன்றாக ஒரு நாளும் அவர் பார்க்கவில்லை.

கிளொடில்டே தம் வீட்டையும் தம்மிடம் இருந்த ஓவியங்களையும் நாட்டுக்கே எழுதி வைத்தார். 1929-ல் அவரும் மறைந்தார். 1932-ம் ஆண்டு அந்த வீடு சொரோயா அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

2007-ம் ஆண்டில் ஓர் அதிசயம் நடந்தது. நியூயார்க்கின் 14 படங்களும் முதல் தடவையாகச் சுவரை விட்டு இறங்கி ஸ்பெயினுக்கு வந்தன. முதலில் வந்த ஊர் வாலென்சியா. பிறகு பல நகரங்களுக்குப் போயின. தங்கள் பாட்டன் பூட்டன்மார் உழைத்ததையும் ஆடியதையும் பார்க்க லட்சக்கணக்கில் மக்கள் வந்தார்கள். பின்னர் படங்கள் தங்கள் அறைக்கே திரும்பின. வாலென்சியாவில் 2010-ல் திறந்த பெரிய ரயில் நிலையத்துக்கும் ஹொவாக்கின் சொரோயா என்றே பெயர் வைத்தார்கள்.

மீனவர்களின் உழைப்பைப் பார்த்து இரக்கப்பட்டவர்கள் பலர் உண்டு. சொரோயா இரக்கத்தோடு நிற்கவில்லை. அவர்கள் நின்ற வெயிலில் தாமும் நின்றார். அவர்களைப் போலவே தம் உடம்பையும் கொடுத்தார். அந்தப் பதினான்கு படங்களுக்கு ஹண்டிங்டன் கொடுத்தது ஒன்றரை லட்சம் டாலர். சொரோயா கொடுத்தது அவருடைய கையின் ஓட்டத்தையே அல்லவா?

அடுத்த முறை மீன் வாங்கும்போது பேரம் பேசுவதில் தவறில்லை. பேசலாம். விலை அதிகம் என்று சொல்ல வாய் எடுக்கும்போது மட்டும், படகின் அடித்தட்டில் தாயத்துக் கழுத்தோடு சாய்ந்து கிடக்கும் அந்த வாலிபனை ஒரு கணம் நினைத்துக்கொண்டால் போதும்.